சிமெண்ட் வைக்காத சுவர்

1

இதைப் படிப்பவர்கள் முதலில் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவன். அதற்குப் பிறகு என் கைக்குக் கிடைத்த எழுதுகோல், சுவரில் மட்டம் குறிக்கும் தட்டைப் பென்சில்தான். இலக்கம் எழுதினால் அழகாக வரும். எழுத்து எழுதினால் கோணிக்கொள்ளும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்னும் தடுமாறுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். இதில் வரும் அளவுகளை மட்டும் திருத்த வேண்டாம். அவை சரியானவை.

என் பெயர் கலியபெருமாள். வேலை கொத்தனார். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே நடந்தால் எங்கள் ஊர். சிங்கப்பூருக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. காலையில் லாரி வந்து எங்களை ஏற்றிக்கொள்ளும். சாயங்காலம் அதே லாரி கொண்டுவந்து விடும். விடுதியில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்குவோம், ஊருக்குப் போன் பேசுவோம், முடி வெட்டிக்கொள்வோம். இதைத் தவிர இந்த நாட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் தெரியாது.

நான் கூச்சப்படுகிறவன். நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் வராது. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காருவேன். இங்கே வந்ததும் நான் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை 'கேன்', முடியும் என்று அர்த்தம். சூப்பர்வைசர் எதைச் சொன்னாலும் 'கேன் பாஸ்'. செய்ய முடியாது என்றால் 'கேனாட்' என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. மழையில் வழுக்கும் சாரத்தில் ஏறச் சொன்னபோதுகூட 'கேன்' என்றுதான் சொன்னேன்.

ஊரிலும் நான் அப்படித்தான் இருந்தேன். அதனால் என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுதப் போகிறேன். முக்கியமாக எங்கள் காலனித் தெருப் பெண்கள் இதைப் படிக்க வேண்டும், அல்லது யாராவது அவர்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

2

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் தேன்மொழி போன் செய்தாள். அவளுக்குப் பதினெட்டு வயது. பெரம்பலூரில் மனு டைப் அடிக்கும் ஒரு சின்னக் கடையில் வேலை பார்க்கிறாள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கூட்டம் தாங்காது. பட்டா, முதியோர் பணம், ரோடு, தண்ணீர் என்று எல்லார் குறையையும் அவள்தான் தாளில் இறக்குகிறாள். 'மேற்படி', 'பணிவுடன் வேண்டுகிறேன்' என்றெல்லாம் சாதாரணப் பேச்சிலேயே அவளுக்கு வந்துவிடுகிறது. என்னிடம் பேசும்போது மட்டும் சொற்கள் குறைந்துவிடும். சாப்டீங்களா, மழையா, அம்மா நல்லா இருக்காங்க, வச்சிடட்டா. எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு இவ்வளவுதான்.

அன்றைக்கு அப்படி இல்லை.

"அப்பா, வேலையா இருக்கீங்களா?"

"இல்ல தேனு, ஞாயித்துக்கெழமதான. சொல்லு."

"நம்ம ஊரு பிராந்திக் கடைய எடுக்கச் சொல்லி மனு போட்டோம்ல. பதில் வந்திருக்கு. பள்ளிக்கூட வாசல்லேர்ந்து கடை வாசலுக்கு நூத்தி இருவத்தாறு மீட்டரு, விதிப்படி சரியா இருக்குன்னு எழுதியிருக்காங்க."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நாங்க இப்ப அளந்தா தொண்ணூத்தி ஒண்ணுதான் வருது. ஏன்னு கேட்டா, கடை இருக்கற கோடவுனுக்குத் தெக்கால சந்துல ஒரு சுவரு இருந்துச்சாம். பல வருசத்துச் சுவராம். நாங்கதான் தூரத்தைக் கொறைக்கறதுக்காக அதை இடிச்சிட்டோம்னு கோடவுன் சொந்தக்காரரு, அந்த உரக்கடைக்காரரு, கம்ப்ளைண்ட் குடுத்திருக்காரு. ஒம்போது பொம்பளைங்க பேரு. அம்மா பேரு அஞ்சாவது."

"அம்மா பேரா?"

"கோலு ஊனிக்கிட்டு நடக்கறவங்க சுவர இடிச்சாங்களாம்."

"சிரிப்பாத்தான் இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"ஸ்டேஷனுக்குக் கூப்புட்டு உக்கார வச்சா சிரிப்பு வராதுப்பா. கடை வர்றதுக்கு முன்னாடி ஒரு வாரம் பத்து நாளு அங்க ஒரு சுவரு இருந்ததை நம்ம தெருவுல நாலஞ்சு பேரு பாத்திருக்காங்க. ஆனா காலனிக்காரங்க சொன்னா யாரு கேக்கறா? கட்டுனவங்க சொன்னாத்தான் செல்லும். நீங்க அப்ப ஊர்லதான இருந்தீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச கொத்தனாரு யாராச்சும் கட்டியிருப்பாங்களா?"

"லைன் சரியில்ல பாப்பா."

"எனக்கு நல்லாத்தான் கேக்குது. தெரிஞ்சா எழுதி அனுப்புங்க. கைப்பட எழுதணும். நான் டைப் அடிச்சா, மனு எழுதற பொண்ணு தானே எழுதிக்கிச்சுன்னு சொல்லிடுவாங்க."

"பாக்கறேன்."

"பாக்கறேன்னு சொல்லாதீங்கப்பா. எழுதறேன்னு சொல்லுங்க."

போனை வைத்துவிட்டாள். அந்தச் சுவரைக் கட்டியவன் நான்தான்.

3

அந்த வருடம், நெடுஞ்சாலையை ஒட்டி மதுக்கடை இருக்கக் கூடாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு என்றுதான் நாங்களும் டீக்கடையில் பேசிக்கொண்டோம். ரோட்டோரக் கடைகளை மூடினார்கள். மூடிய கடைகளுக்கு வேறு இடம் வேண்டும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. ரோட்டை விட்டு விலகினால் அடுத்து இருப்பது ஊர்தானே.

எங்கள் ஊரில் உரக்கடை வைத்திருந்தவருக்கு ஊர் எல்லையில் ஒரு பழைய கோடவுன் இருந்தது. பெயர் வேண்டாம், எல்லாரும் உரக்கடை அண்ணன் என்றுதான் சொல்வோம். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் ஊரே அவரிடம்தான் உரம் வாங்கும். அவர் எதிரில் நான் உட்கார்ந்து பேசியதே இல்லை.

ஒருநாள் என்னைக் கோடவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"கலியா, சட்டம் என்னா சொல்லுது தெரியுமா? பள்ளிக்கூட வாசல் நடுவுலேர்ந்து கடை வாசல் நடுவுக்கு நூறு மீட்டரு இருக்கணும். நேர்கோட்டுல இல்ல, ஆளு நடக்கற வழியில. நடக்கற வழி எதுன்னு நாமதான முடிவு பண்றோம்?"

நான் தலையை ஆட்டினேன்.

கோடவுனின் கதவு கிழக்கே இருந்தது, பள்ளிக்கூடத்தைப் பார்த்தபடி. அங்கிருந்து பள்ளிக்கூட கேட்டுக்கு அறுபத்தெட்டு மீட்டர். நான்தான் அளந்து சொன்னேன். கிழக்குக் கதவை அடைத்து மேற்கே வாசல் திறந்தால், தெற்கே ஆள் நுழையும் சந்து வழியாகச் சுற்றி வர வேண்டும். தொண்ணூற்று ஒன்று. அதுவும் போதாது. அந்தச் சந்தையும் அடைத்துவிட்டால், வடக்கே முள்வேலி போட்ட சோளக்கொல்லையைச் சுற்றித்தான் வர முடியும். நூற்று இருபத்தாறு.

"அளந்துட்டுப் போனப்பறம் சந்து தொறந்துடணும். ஆளு வரணும்ல. அதனால கெட்டியா கட்டாத. பாக்கறதுக்குச் சுவரா இருந்தா போதும்" என்றார்.

"முடியாதுண்ணே." இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரைக்கும் வந்தது. "சரிண்ணே" என்றேன்.

கிழக்குக் கதவின் நிலையைப் பெயர்த்தேன். செங்கல் வைத்து அடைத்துப் பூசினேன். கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் லிண்டலை எடுக்கவில்லை. எடுத்தால் சுவர் இறங்கிவிடும். இன்றைக்கும் அந்த இடத்தில் பூச்சைத் தட்டிப் பார்த்தால் லிண்டல் இருக்கும். பிறகு சந்தில் ஆறடி நீளம், ஐந்தடி உயரத்துக்கு ஒரு சுவர் அடுக்கினேன். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிமெண்ட் வைக்கவில்லை. வெளிப்பக்கம் மட்டும் அரை அங்குலப் பூச்சு. புதுச் சுவர் என்று தெரியாமல் இருக்க, செம்மண்ணும் சாணியும் கரைத்து அடித்தேன். அடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். இருபது வருடத்துச் சுவர் மாதிரி இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு என் வேலையைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது.

4

வாசல் நிலை வைப்பது எங்கள் தொழிலில் நல்ல காரியம். யார் கட்டடமாக இருந்தாலும் நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, தேங்காய் உடைத்துத்தான் நிறுத்துவோம். கை பழகிப்போனது. அந்த மேற்கு வாசலுக்கு நிலை வைத்த அன்று காலையில் என் மனைவி மலர்க்கொடியிடம் மஞ்சள் கேட்டேன்.

"யாரு வூட்டுக்கு நிலை?"

"உரக்கடை அண்ணன் கோடவுனுக்கு. மேக்கால ஒரு வாசல் வேணுமாம். மூட்டை எறக்க."

"நல்லா இருக்கட்டும்" என்று சொல்லி, மஞ்சளைக் கல்லில் உரசி ஒரு கிண்ணத்தில் கொடுத்தாள். மாவிலையும் அவள்தான் பறித்துத் தந்தாள். நான் அதைக் கொண்டுபோய்ப் பிராந்திக் கடை வாசலுக்குப் பூசி, சூடம் காட்டிக் கும்பிட்டேன்.

மறுநாள் அளப்பதற்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் எழுதுகிறவர், ஒருவர் டேப் பிடிக்கிறவர். முனையைப் பிடிக்க ஆள் இல்லை. "யாராச்சும் ஒருத்தர் பள்ளிக்கூட கேட்டுக்கிட்ட நில்லுங்கய்யா" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

நான் படித்த பள்ளிக்கூடம் அது. அதன் கேட்டுக்கு நடுவில் டேப்பின் முனையை வைத்துக் குனிந்து நின்றேன். சத்துணவு ஆக்கும் அம்மா கரண்டியோடு வெளியே வந்தார்.

"என்னய்யா அளக்கறீங்க? புது கட்டடம் கட்டப் போறாங்களா?"

நான் தலையை ஆட்டினேன்.

"புள்ளைங்களுக்குக் கக்கூசும் சேத்துக் கட்டச் சொல்லுய்யா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வகுப்பில் பிள்ளைகள் கை தட்டும் சத்தம் கேட்டது. எதற்குத் தட்டினார்கள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

முப்பது மீட்டர் டேப்பை நகர்த்தி நகர்த்தி அளந்தோம். சந்துக்கு எதிரே வந்ததும் எழுதுகிறவர் நின்றார். "இந்தச் சுவர் எப்பக் கட்டுனது?"

"ரொம்ப வருசமா இருக்கு சார்" என்றார் அண்ணன். எழுதுகிறவர் என் பக்கம் திரும்பினார். நான் டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவர் கட்டிய ஒன்பதாம் நாள் நானே கடப்பாரையால் அந்தச் சுவரைத் தட்டினேன். ஒரு கல்கூட உடையாமல் சரிந்தது. கற்களை எடுத்துப் போய் அவருடைய மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அடுக்கினேன். ஒருபக்கம் செம்மண் பூச்சோடு இன்றும் அங்கே இருக்கலாம்.

என் வேலை அவருக்குப் பிடித்துப்போயிற்று. அவருடைய மைத்துனர் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர். இரண்டு மாதத்தில் எனக்கு இங்கே வர பர்மிட் வந்துவிட்டது. சுவரைத் தட்டியதற்கும் நான் விமானம் ஏறியதற்கும் நடுவில் இருந்தது அவ்வளவுதான்.

5

மேற்கு வாசல் திறந்த இடம் எது என்று சொல்ல வேண்டும். அது எங்கள் காலனித் தெருவிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் எல்லாம் அந்த வழியாகத்தான் போக வேண்டும். கொல்லை வேலைக்குப் போகும் பெண்களும் அந்த வழிதான். கிழக்கே கதவு இருந்தவரை அந்தப் பக்கம் கோடவுனின் முதுகுதான் தெரியும். நான் வாசல் வைத்துக் கொடுத்தேன்.

நான் இங்கே வந்த ஆறாம் மாதம் மலர்க்கொடி போனில் கேட்டாள்.

"ஏங்க, நீங்க நிலை வச்சப்ப இது பிராந்திக் கடைக்குன்னு அவரு சொன்னாரா?"

"இல்ல. மூட்டை எறக்கன்னுதான் சொன்னாரு."

"நெனச்சேன். உங்களையும் ஏமாத்திப்புட்டாரு பாருங்க."

எனக்காக அவள் கோபப்பட்டாள். அதைக் கேட்டுக்கொண்டு இருந்தேன்.

தினமும் சாயங்காலம் அவள் பஸ் நிறுத்தத்துக்குப் போய்த் தேன்மொழியைக் கூட்டிக்கொண்டு வருவாள். பாதையில் உட்கார்ந்து குடிப்பவர்கள், கண்ணாடிச் சில்லு, பேச்சு. பிள்ளையை உள்பக்கம் விட்டு இவள் கடைப்பக்கம் நடப்பாளாம். ஐந்து வருடம் அப்படி நடந்தாள். தேன்மொழி ப்ளஸ் ஒன் படிக்கும்போது ஒருநாள், கடை வாசலிலிருந்து வேகமாகத் திரும்பிய பைக் ஒன்று மலர்க்கொடியை அடித்துத் தள்ளியது. இடுப்பு எலும்பு உடைந்தது. ஓட்டியவன் நிற்க முடியாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதானாம். அவனும் பக்கத்து ஊர்க் கூலிக்காரன்தான்.

எனக்கு உடனே லீவு கிடைக்கவில்லை. நாலு மாதம் கழித்துப் போனேன். தேன்மொழி வாசலில் நின்று "வாங்க" என்றாள். அப்பா என்று சேர்த்துச் சொல்லவில்லை. விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டிருந்தாள். அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க, குளிப்பாட்ட, வேறு யார் இருக்கிறார்கள்? அவளுடைய ப்ளஸ் ஒன் சீருடையைப் பிரித்து, அம்மா இடுப்புக்கு வைக்கும் தலையணைக்கு உறை தைத்திருந்தாள். பாக்கெட் இருந்த இடத்தில் பள்ளியின் பெயர் பாதி தெரிந்தது.

"திரும்பப் போய்ப் படியேன் பாப்பா" என்றேன்.

"பாக்கலாம்" என்றாள். பிறகு, "நீங்க எப்பக் கெளம்பறீங்க?" என்று கேட்டாள்.

6

மகள் எழுதச் சொன்ன பிறகு மூன்று வாரமாக என் பெட்டியில் ஒரு தாள் இருந்தது. அதில் என் பெயரும் அப்பா பெயரும் மட்டும் எழுதியிருந்தேன்.

இதற்கு நடுவில் உரக்கடை அண்ணன் போன் செய்தார். எட்டு வருடத்தில் அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

"கலியா, எப்புடி இருக்க? உம் பொண்ணு நல்லாப் பேசுது போ. ஆபீசரையே மடக்குது. உங்கிட்ட ஏதாச்சும் கேட்டுச்சுன்னா, ஞாபகம் இல்லன்னு சொல்லிடு, என்ன? உன்ன அங்க அனுப்பி வச்சவன் நானு."

"சரிண்ணே" என்றேன். மூவாயிரம் கிலோமீட்டரோ என்னவோ தள்ளி நிற்கிறேன். அப்போதும் எழுந்து நின்றுகொண்டுதான் பேசினேன்.

பக்கத்துக் கட்டிலில் ஜமால் பாய் இருக்கிறார். லப்பைக்குடிக்காட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், முன்பு துபாயில் இருந்தவர். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"என்னா கொத்தனாரே, மூணு வாரமா அதே தாளு. கல்யாணக் கடுதாசியா, மவுத்துச் சேதியா?"

"ரெண்டும் இல்ல பாய்."

"பேரு எழுதத் தெரிஞ்ச மனுசனுக்கு மிச்சம் எழுதத் தெரியாதா?"

எப்படியோ அவரிடம் சொல்லிவிட்டேன். முழுதும் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் துபாயில என்னா வேலை பாத்தேன் தெரியுமா? ஓட்டல் பாருல கிளாஸ் கழுவுற வேலை. அஞ்சு வருசம். வூட்ல பேக்கரின்னு சொல்லி வச்சிருக்கேன். எங்க வாப்பா மவுத்தானப்பகூட, மவன் பேக்கரியில இருக்கான்னு சொல்லிக்கிட்டேதான் போனாரு. எம் பேரன் இப்பக்கூட என்ன நன்னா நன்னான்னு கூப்புட்டு, கேக் பண்ணித் தாங்கன்னு நிக்கிறான். எனக்கு முட்டை அடிக்கக்கூடத் தெரியாதுய்யா."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர், "ஆனா என் பொய்யால யாரு பேரும் ஸ்டேஷன்ல இல்ல கொத்தனாரே" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

7

போன வியாழக்கிழமை எங்களை ஒரு சின்ன மளிகைக் கடையில் வேலைக்கு அனுப்பினார்கள். அடுக்குமாடிக்குக் கீழே இருக்கும் கடை. இங்கே கடையில் பீர் விற்கலாம். ஆனால் ராத்திரி பத்தரை மணிக்கு மேல் விற்கக் கூடாது. அதனால் பீர் அலமாரிக்குத் தனியாகப் பூட்டும் கதவு வேண்டும் என்றார் கடைக்காரச் சீனர். ஊரில் சட்டம் டேப்பால் அளக்கிறது, இங்கே கடிகாரத்தால் அளக்கிறது. குடிக்கிறவன் இரண்டு இடத்திலும் இருக்கிறான். நானும் குடித்திருக்கிறேன், ஒளிக்க ஒன்றும் இல்லை.

சுவரில் துளை போட்டுச் சட்டம் பொருத்தினேன். கடைக்காரர் வந்து பூட்டை இழுத்துப் பார்த்தார். ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. நான் கவனிக்கவில்லை. "நோ, நோ, திஸ் கேனாட்" என்றார். யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று நான் நினைத்தேன். அவர் என்னிடம் கோபிக்கவில்லை. மறுபடி கழற்றி மாட்டச் சொன்னார், அவ்வளவுதான்.

முடிந்ததும் ஒரு தாளை நீட்டினார். கடை பெயர், வேலை விவரம், கடைசியில் வேலை செய்தவர் பெயர், கையெழுத்து, தேதி. சூப்பர்வைசரிடம் கொடுங்கள் என்று சைகை காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே என் நெஞ்சைச் சுட்டி, "யூ டூ, யூ சைன்" என்றார், செய்தவன் நீ, நீயே போடு என்று.

முப்பது வருடமாகச் சுவர் கட்டுகிறேன். கட்டியவன் கையெழுத்தை யாரும் கேட்டதில்லை. கோடவுனை அளந்த தாளிலும் அளந்தவர் கையெழுத்து, பார்த்தவர் கையெழுத்து, இடத்துக்காரர் கையெழுத்து இருந்திருக்கும். சுவரைக் கட்டியவனுக்கு அதில் ஒரு கோடு இருந்திருந்தால் அன்றைக்கு மாட்டேன் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. தெரியவில்லை. இருந்திருந்தாலும் போட்டிருப்பேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

8

இன்றைக்கு மத்தியானம் விடுதிக்குப் பக்கத்துத் திடலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். பாட்டிலுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு போட்ட பலகை ஒன்று எதிரில் இருந்தது. முழுதாக இரண்டு பக்கம். சந்தின் அகலம், சுவரின் நீளம், உயரம், உள்ளே சிமெண்ட் இல்லை என்பது, வெளிப்பூச்சின் கனம், செம்மண் கரைசல், லிண்டல் இருக்கும் இடம், கற்கள் அடுக்கிய இடம் எல்லாம் எழுதினேன். 'அந்தச் சுவரைக் கட்டியதும் நான்தான், ஒன்பதாம் நாள் இடித்ததும் நான்தான், பெண்கள் யாரும் இடிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். போட்டோ எடுத்துத் தேன்மொழிக்கு அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் கூப்பிட்டாள்.

"படிச்சேன்பா."

"பாப்பா..."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க டேப் புடிச்சிட்டு நின்னப்ப நான் அஞ்சாங்கிளாஸ் ஜன்னல்ல நின்னேன். சத்துணவு ஆயா வந்து புது கட்டடம் கட்டப் போறாங்கன்னு சொன்னாங்க. எல்லாரும் கை தட்டுனோம். எங்க அப்பாதான் அளக்கறாருன்னு நான் பக்கத்துல இருந்த புள்ளைங்ககிட்ட எல்லாம் சொன்னேன். உங்களப் பாத்துக் கை காட்டுனேன். நீங்க பாக்கல."

நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன்.

"ஆறாவது போனப்பறம்தான் எதுக்கு அளந்தீங்கன்னு புரிஞ்சுது."

"ஏன் பாப்பா இத்தன வருசமா கேக்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன். அப்பறம், சொல்ல மாட்டீங்கன்னு இருந்தேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. மனு கொடுக்க வந்தவர்களிடம் பேசும் குரல்தான்.

"அம்மாவுக்கு?"

"தெரியாது. இது ஆபீஸ்ல போச்சுன்னா ஊருக்கே தெரிஞ்சிடும். நான் படிச்சுக் காட்டட்டா, இல்ல நீங்களே சொல்றீங்களா?"

நீயே சொல்லிவிடு என்று சொல்ல வாய் வந்தது. "அம்மாகிட்ட குடு" என்றேன்.

மலர்க்கொடி வாங்கினாள். "சாப்டீங்களா?" என்றாள். சொன்னேன். எழுதியிருந்ததை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். நடுவில் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த நிலைக்கா எங்கிட்ட மஞ்சக் கேட்டீங்க?" என்றாள்.

"ஆமா."

போனைப் பாயில் வைத்துவிட்டு எழுந்திருக்கிறாள் என்பது தெரிந்தது. சிமெண்டுத் தரையில் கோல் ஊன்றும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு ஊன்றலுக்கும் நடுவில் கால் இழுபடும் சத்தம். அந்தத் தரையைப் போட்டவனும் நான்தான். எத்தனை அடி என்று தெரியும். கதவு வரைக்கும் எண்ணினேன். அதற்கப்பால் கேட்கவில்லை.

தேன்மொழி போனை எடுத்தாள்.

"அப்பா."

"சொல்லு பாப்பா."

"எல்லாம் சரியா இருக்கு. அளவெல்லாம் தெளிவா எழுதியிருக்கீங்க. தேதி மட்டும் போடல. தேதி இல்லாத காயிதத்த ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க. போட்டுட்டுத் திரும்ப ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க."

"இன்னிக்குத் தேதியா, சுவர் கட்டுன தேதியா?"

"எழுதுன தேதிதான்பா போடணும்" என்றாள்.

போட்டேன். அந்தத் தாளிலும் போட்டேன், இதிலும் போடுகிறேன்.

2.11.2025, ஞாயிற்றுக்கிழமை.